பேரேட்டுக்கு இரவுக் காவல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கச் செயலாளர் எங்களை அழைத்தபொழுது, "இலக்கியம் பேச அறிஞர் பலர் வருகின்றனர், நீங்கள் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். தொழிலின் பெயரைச் சொன்னதும் அவருக்கே சிறிது தயக்கம் உண்டாயிற்று. தரவுத்தள நிர்வாகி என்பது அப்பெயர். அலுவலகத்தில் டி.பி.ஏ. என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார்கள். மருத்துவர் என்றால் எவர்க்கும் விளங்கும். ஆசிரியர் என்றால் விளங்கும். எங்கள் வீடுகளிலோ "கம்ப்யூட்டரில் ஏதோ வேலை" என்ற அளவிலேயே விளக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் குறை மட்டும் நன்றாக விளங்கியிருக்கிறது. "பகலில் உறங்குகிறான், இரவில் விழித்திருக்கிறான், தீபாவளியன்றும் மடிக்கணினியை மூட மறுக்கிறான்" என்பதே அக்குறை. நம் காலனியில் இத்தொழிலில் ஐவர் இருக்கிறோம். அவருள் இருவர் பெண்கள். ஐவரும் கலந்து பேசி எழுதிய விடையே இவ்வுரை. ஒருவர் வாசித்தாலும் ஐவர் குரலாகவே இதைக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இம்மண்டபத்திற்குக் கூப்பிடு தொலைவில் இருப்பது தம்பானூர் ரயில் நிலையம். கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1918-இல் நகரின் விளிம்பிலுள்ள சாக்கையோடு நின்றுவிட்டது. 1931-இல்தான் தம்பானூருக்கு நீண்டது. 1979-இல் நாகர்கோவில் பாதை திறந்தபின் நாஞ்சில் நாடு நமக்கு அண்டை வீடாயிற்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகச் சீட்டுக் கிடைக்குமா என்று அந்த முன்பதிவு வரிசையில் நின்று ஏங்காத குடும்பம் நம்மில் ஒன்றேனும் உண்டோ? எங்கள் தொழிலைச் சொல்ல அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களில் எவரும் ரயில்வேயில் பணி செய்பவர் அல்லர். ஆயினும் சிக்கல் ஒன்றே.

கணிப்பொறி வருமுன், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஏடு இருந்தது. எழுத்தர் ஏட்டைப் புரட்டுவார், காலியான வரியில் பெயரை எழுதுவார், சீட்டுத் தருவார். ஏடு ஒன்று, அதன்மேல் ஓடும் பேனாவும் ஒன்று. ஆகவே ஒரே படுக்கை இருவர்க்குப் போவது அரிதாயிற்று. இடையூறு வேறிடத்தில் இருந்தது. ஏடு எந்த ஊரில் உள்ளதோ அந்த ஊரார்க்கே இடம் எளிது. திரும்பி வருவதற்குத் தந்தி அடித்துவிட்டு விடைக்குக் காத்திருந்ததைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

பின்னர் 1980-களின் நடுவில் டெல்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. இப்பணிகளுக்கென்றே 1986-இல் ரயில்வே தகவல் மையம் அமைக்கப்பட்டது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் பெருங்கணிப்பொறி நிலையங்கள் எழுந்தன. 1999-இல் ஐந்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. 2002 முதல் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகச் சீட்டு எடுக்கும் வசதியும் வந்தது. தம்பானூர்ச் சாளரத்தில் நீங்கள் கேட்கும் கேள்வி சென்னைக்குப் போய் விடையோடு திரும்புகிறது. ஏடு இன்றும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உண்டு. அதையே தரவுத்தளம் என்கிறோம்.

ஏடு ஒன்றுதான், ஆனால் பேனாக்கள் பல்லாயிரம். இங்கேதான் தொல்லை பிறக்கிறது.

காலை பத்து மணிக்குக் குளிர்சாதன வகுப்பின் தத்கால் திறக்கிறது. பதினொன்றுக்கு மற்ற வகுப்புகள். அந்நேரம் ஒரு பெட்டியில் ஒரு கீழ்ப்படுக்கை மட்டும் எஞ்சியிருக்கிறது எனக் கொள்ளுங்கள். தம்பானூரில் ஒரு மூதாட்டிக்காகவும் எழும்பூரில் ஓர் இளைஞருக்காகவும் அதே நொடியில் அதைக் கேட்கிறார்கள். இருவர்க்கும் "காலி" என்று விடை போயிற்றானால் நள்ளிரவில் பெட்டியினுள்ளே சண்டைதான். ஆகவே முதலில் கை வைத்தவர்க்காகத் தரவுத்தளம் அந்த வரியைப் பூட்டுகிறது. மற்றவர் அரைக்கண நேரம் நிற்கிறார். பூட்டு நெடுநேரம் இருந்தால் வரிசை தேங்கும். பூட்டே இல்லாவிட்டால் ஏடு பொய்யாகும். இவ்விரண்டிற்கும் நடுவே நடப்பதுதான் எங்கள் பிழைப்பு.

சில வேளை பூட்டுகளே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சாலைக் கடைத்தெருவின் குறுகிய சந்தொன்றில் எதிரெதிரே இரண்டு கைவண்டிகள் வந்து முட்டி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். "நீ பின்வாங்கு" என்று இருவரும் சொல்வார்கள், எவரும் நகரார். தரவுத்தளம் இதைத் தானே கண்டுபிடித்து, ஒரு வண்டியை இரக்கமின்றிப் பின்னுக்குத் தள்ளிவிடும். தள்ளப்பட்டவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்து ஏசுவார். அவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. அந்தச் சந்திற்குள் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் நுழையும்படி நிரலை மாற்றி எழுதச் செய்யவேண்டும். அதற்கு மூன்று கூட்டங்களும் முப்பது மின்னஞ்சல்களும் தேவைப்படும். அது வேறு கதை.

பூட்டினும் பெரிய கட்டுப்பாடு ஒன்றுண்டு. பணத்தைக் கழிப்பதும் இடத்தை எழுதுவதும் இரண்டு செயல்கள். முதற்செயல் முடிந்து, இரண்டாவது முடியுமுன் மின்சாரம் நின்றுவிட்டால்? பணம் போயிற்று, இடமும் இல்லை. ஆதலின் இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டுகிறோம். முழுதும் நடக்கவேண்டும், அன்றேல் எதுவுமே நடந்திருக்கக்கூடாது. தரவுகளை எளிய அட்டவணைகளாக அமைக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தார். இந்த முடிச்சின் இலக்கணத்தை வகுத்தவருள் தலையாயவர் ஜிம் கிரே. 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு அவர்க்கு வழங்கப்பட்டது. 2007 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை. தொலைவிலுள்ள பொறியாளர்கள் எண்ணற்றோர் விண்கோள் படங்களைக் கண் சிவக்கப் பார்த்துத் தேடினார்கள், படகும் அகப்படவில்லை. கோடிக்கணக்கான பதிவுகள் தொலையாமலிருக்க வழி செய்தவர் அவர். இதை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு கனக்கும்.

மின்சாரம் நின்றபின் எது முடிந்தது, எது முடியவில்லை என்று தரவுத்தளத்திற்கு எப்படித் தெரியும் என்பீர்கள். இதைச் சாலைத் தெருத் தமிழ் வணிகர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் விற்றதை உடனே பேரேட்டில் எழுதுவதில்லை. நடந்தது நடந்தபடி முதலில் சிட்டையில் குறிப்பார்கள். கடையடைத்தபின் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு நனைந்து அழிந்தாலும், பழைய படியும் அன்று முதலான சிட்டைகளும் இருந்தால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளமும் அப்படியே செய்கிறது. சிட்டையை எழுதி முடிக்காமல் "ஆயிற்று" என்று அது எவர்க்கும் சொல்லாது. ஆனால் அந்தச் சிட்டை வளர்ந்துகொண்டே போகும். வட்டில் இடம் நிரம்பிவிட்டால், பொய் சொல்ல மனமின்றி எல்லாப் பணிகளையும் நிறுத்திவிடும். இரவு இரண்டு மணிக்கு எங்கள் கைப்பேசி அலறுவதில் பாதி இதனாலேதான்.

மற்றப் பாதி மந்தம். நேற்று வரை இரண்டு நொடியில் வந்த விடை இன்று இருபது நிமிடம் ஆகும். வாக்காளர் பட்டியல் வீட்டெண் வரிசையில் இருக்க, "முருகேசன் எத்தனை பேர்?" என்று கேட்டால் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை புரட்டத்தானே வேண்டும்? பெயர் வரிசையில் ஓர் அடைவு இருந்தால் நொடியில் முடியும். அத்தகைய அடைவை அமைப்பது எங்கள் வேலை. "எல்லாவற்றிற்கும் அடைவு போட்டுவிடலாமே" என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஒரு பெயரைச் சேர்க்கும்தோறும் பத்து அடைவுகளையும் திருத்தவேண்டிவரும் என்பது பிறகுதான் தெரியும். இன்னொரு விதமான மந்தமும் உண்டு. பத்துப் பேர்க்கென்று சிறுபானையில் உலை வைத்த பின்னர் ஆயிரம் பேர் பந்தியில் வந்தமர்ந்தால் சமையற்காரர் என்ன செய்வார்? பழைய மதிப்பீட்டை நம்பித் தரவுத்தளம் தவறான வழியைத் தேர்ந்துகொள்வதும் அதுபோலத்தான். அப்பொழுது மதிப்பீட்டைப் புதுப்பிக்கிறோம். சரியானால் ஒருவரும் கவனிப்பதில்லை. சரியாகாவிட்டால் பத்து மேலதிகாரிகள் ஒரே அழைப்பில் கூடி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் நேரத்தையும் சேர்த்தே தாமதம் ஆகிறது.

இனி, எங்களை உறங்கவிடாத உண்மையான அச்சத்திற்கு வருகிறோம்.

2017 ஜனவரி 31-ஆம் நாள் இரவு. கிட்லாப் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் உலகறிந்த நிறுவனம். அன்று அங்கே ஒரு பொறியாளர் இரண்டாம் படி வைத்திருந்த பொறியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நெடுநேரம் உழைத்த களைப்பு. பழைய கோப்புகளை அழிக்கும் ஆணையை இட்டார். இரண்டொரு நொடியில், தாம் அழிப்பது இரண்டாம் படியை அன்று, மூல ஏட்டையே என்று உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ முந்நூறு கிகாபைட்டில் நாலரை கிகாபைட்டே மிஞ்சியது. சரி, காப்புப்படி இருக்குமே என்று தேடினார்கள். காப்புக்கென ஐந்து ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் நினைத்தபடி இயங்கியிருக்கவில்லை. படியெடுக்கும் நிரல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் அஞ்சலும் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. தற்செயலாக அப்பொறியாளரே வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்துவைத்திருந்த படி ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. அந்நிறுவனத்தார் நடந்ததை ஒளிக்கவில்லை. மீட்கும் பணியையே உலகமெல்லாம் காண ஒளிபரப்பினார்கள். எங்கள் தொழிலுக்கு வரும் இளைஞர்க்கு முதற்பாடமாக இதனையே சொல்லித்தருகிறோம்.

சுவடிகளைக் காத்த தமிழர்க்கு இது புதிதன்று. எண்ணெய் பூசினாலும் ஓலை ஒருநாள் செல்லுக்கு இரையாகும். ஆகவே சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றுமுன் ஊர் ஊராக அலைந்து பல படிகளைத் தேடி ஒப்புநோக்கினார். ஒரு படியில் அழிந்த வரி மற்றொன்றில் இருந்தது. இவ்வூர்க் கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகத்திலும் திருவிதாங்கூர் அரசின் ஓலைக்கணக்குகள் சுருணை சுருணையாக இருக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கே ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். குழந்தைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். நிலவரிக்கணக்கை இத்தனை பாடுபட்டு ஏன் காத்தார்கள் என்று அவர்கள் கேட்டால், அந்தக் கணக்கில் யாரோ ஒருவருடைய நிலம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

எங்கள் அனுபவம் ஒன்றும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுள் ஒருவர் பணி செய்த நிறுவனத்தில் இது நடந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் முகவரியைத் திருத்தும்படி கேட்டிருந்தார்கள். இளைஞர் ஒருவர் ஆணையை எழுதினார். "இன்னாருக்கு மட்டும்" என்னும் நிபந்தனை வரியை விட்டுவிட்டார். ஒரு நொடியில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனைவரும் கரமனையில் குடியேறிவிட்டார்கள்! இன்று சொல்லும்போது நகைப்புக்கு இடமாகிறது. அன்று அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. தானே சரிசெய்துவிடலாம் என்று எண்ணி நாற்பது நிமிடம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் நூற்றுக்கணக்கான புதிய பதிவுகள் பிழையான முகவரியின்மேல் ஏறிக்கொண்டன. உடனே சொல்லியிருந்தால் சிட்டையைக் கொண்டு அரைமணியில் பழைய நிலைக்குத் திருப்பியிருக்கலாம். இப்பொழுதோ புதியவற்றை இழக்காமல் பழையவற்றை மீட்கவேண்டியதாயிற்று. வரி வரியாகப் பிரித்தெடுக்க விடிந்துவிட்டது.

காலையில் தம்பானூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, நிலையத்தருகே லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கற் சுருளான காப்பி இல்லத்தில் அமர்ந்தோம். இளைஞரும் உடன் வந்திருந்தார். மூத்தவர் அவரைக் கடியவில்லை. தாமும் பத்தாண்டுகட்கு முன் இதனினும் பெரிய அட்டவணை ஒன்றை அழித்ததையும், அதை ஒரு மணி நேரம் மறைத்ததையும் அன்றுதான் முதன்முறையாக எங்களிடம் சொன்னார். பிழை செய்தவரைத் தண்டிக்கும் அலுவலகத்தில் அடுத்த பிழை இன்னும் நெடுநேரம் மறைக்கப்படும் என்பது எங்கள் கருத்து. மேலதிகாரிகள் சிலர்க்கு இது உடன்பாடன்று. அந்த இளைஞர் இன்றும் இத்தொழிலில்தான் இருக்கிறார். அழிக்கவோ மாற்றவோ ஆணை இடுமுன், அதே நிபந்தனையை வைத்து எத்தனை வரி அகப்படுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டே கை வைப்பார். இவ்வவையில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கவேண்டாம்.

இறுதியாக, காலனியாகிய உங்களோடு நேர்முகமாகப் பேசவேண்டிய ஒன்று உண்டு. சிறிது மனக்கசப்பான பேச்சு, பொறுத்தருள்க.

ஏட்டைக் காப்பவர் கையில் திறவுகோல் இருக்கும். எங்களுள் ஒருவர் முன்பு ஒரு வங்கியின் தரவுகளைக் கவனிக்கும் பணியில் இருந்தார். உறவில் பெரியவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். பழமும் பூவும் கொண்டுவந்தார். "தம்பி, பேத்திக்கு ஒரு வரன் அமைந்திருக்கிறது. பையனுக்குச் சம்பளம் ஒன்றரை இலட்சம் என்கிறார்கள். அவன் கணக்கு உங்கள் வங்கியில்தான். உண்மையா என்று ஒரு கண் பார்த்துச் சொல்லேன்" என்றார். கேட்டதில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. பெண்ணைப் பெற்ற வீட்டின் கவலை எவர்க்குத் தெரியாது? ஆனாலும் முடியாது என்றோம். "மாமா, பார்க்கும் அதிகாரம் எனக்கு இல்லை, பார்த்தால் பார்த்ததும் பதிவாகும்" என்று விளக்கியும் பயனில்லை. பார்க்கும் வழி இருந்தும் மறுக்கிறான் என்று அவர்க்குத் தெரிந்துவிட்டது. ஓராண்டு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. திருமணத்திற்கு அழைப்பும் வரவில்லை.

இப்பொழுது 2023-இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பில் தவறிய நிறுவனத்திற்கு இருநூற்றைம்பது கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் அந்தப் பெரியவரிடம் மறுத்தபொழுது அச்சட்டம் பிறந்திருக்கவில்லை. சட்டத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லாத மறுப்பு அது. கி.பி. 920-ஐ ஒட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்கே தகாதவர் என்று விலக்குகிறது. உறவினரையும் ஏன் சேர்த்தார்கள் என்று பள்ளிப் பருவத்தில் எங்களுக்கு விளங்கவில்லை. பழத்தட்டோடு மாமா வந்து அமர்ந்த அன்றே விளங்கிற்று.

ஆகவே உங்கள் பிள்ளைகளிடம் அவ்வாறு கேளாதிருக்கும்படி வேண்டிக்கொள்கிறோம். வரனைப் பற்றி விசாரிக்க வேறு நல்ல வழிகள் உண்டு. காலனியின் தாய்மார்கள் அக்கலையில் எங்கள் பொறிகளைவிட வல்லவர்கள்.

"இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளுமாமே, உங்கள் வேலை நிலைக்குமா?" என்று ஒரு தாயார் நேற்றுக் கவலையோடு கேட்டார். வாடகைக்குக் கிடைக்கும் பெருநிறுவனப் பொறிகளில் படியெடுத்தல், இடம் பெருக்குதல் போன்ற பல வேலைகள் இப்பொழுதே தாமாக நடக்கின்றன. அடைவு எங்கே போடலாம் என்றும் அவையே யோசனை சொல்கின்றன. முன்பு ஐவர் செய்ததை இருவர் செய்யும் அலுவலகங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எடுத்த படியைத் திறந்து, மீண்டும் ஏடாக்கிப் பார்த்து, "ஆம், இது முழுமையானது" என்று கையெழுத்திட இன்றும் ஓர் ஆளைத்தான் கேட்கிறார்கள். எங்களுள் ஒருவர் மாதத்திற்கு ஒரு சனிக்கிழமை இரவு இதை மட்டுமே செய்கிறார். படியை வெற்றுப் பொறியில் விரிப்பார், வரிகளை எண்ணுவார், மூலத்தோடு ஒப்பிடுவார். ஆறு மணி நேரம் ஆகும். ஒன்றும் நிகழாவிட்டால் அந்த இரவுக்கு ஒரு பாராட்டும் கிடையாது.

இன்று சனிக்கிழமை. முறையும் இன்றுதான். பத்து மணிக்குப் பணி தொடங்கவேண்டும் என்பதால், குழந்தைகளின் நாடகத்தை முழுதும் காண இயலாமல் எங்களுள் ஒருவர் எழுந்து போவார். முன்வரிசையில் இருப்பவர்கள் தவறாக எண்ணவேண்டா. நாடகத்தில் அவருடைய மகள் கடைசிக் காட்சியில் வருகிறாள். யாரேனும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் நன்றியுடையவர்களாவோம்.